தொழில் மொழியும் இலக்கிய மொழியும்: ரோட் ஐலண்ட் ஜெர்மன் பிரிவின் வரலாறு

வேலைவாய்ப்பை முன்னிறுத்தினால் மொழித்துறை தன் இயல்பை இழந்துவிடும் என்னும் அச்சம் கல்வியாளரிடையே உண்டு. அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் பல்கலைக்கழகத்து ஜெர்மன் பிரிவின் வரலாறு இவ்வச்சத்தைச் சீர்தூக்கத் துணைபுரியும்.

1987ஆம் ஆண்டில் ஜெர்மன் பேராசிரியர் ஜான் கிராண்டினும் பொறியியல் புல முதல்வர் ஹெர்மன் வீட்ஸும் இணைந்து அங்கு அனைத்துலகப் பொறியியல் திட்டத்தைத் தொடங்கினர். இதில் பயிலும் மாணவர் ஐந்தாண்டுகளில் ஜெர்மன், பொறியியல் ஆகிய இரண்டிலும் இளநிலைப் பட்டம் பெறுவர். ஜெர்மன் மொழி வழங்கும் நாட்டு நிறுவனமொன்றில் ஆறு மாதத் தொழிற்பயிற்சி இதன் முதுகெலும்பாகும். பின்னர் பிரவுன்ஷ்வைக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துடன் ஏற்பட்ட பரிமாற்றத்தால், ஒரு பருவக் கல்வியும் அதனுடன் சேர்ந்தது. பிரெஞ்சு, ஸ்பானியம், சீனம் ஆகிய மொழிகளுக்கும் இம்முறை விரிவடைந்தது.

கிராண்டின் காஃப்கா ஆய்வாளர் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. காஃப்காவும் 1908 முதல் 1922 வரை பிராக் நகரத் தொழிலாளர் விபத்துக் காப்புறுதி நிறுவனத்தில் பணியாற்றியவர். மர இழைப்பு இயந்திரங்களால் நேரும் விபத்துகளைத் தடுப்பது குறித்து ஜெர்மனில் அறிக்கை வரைந்தவர். அலுவலக நடையும் இலக்கிய நடையும் ஒரே கையில் வளரக்கூடியவை என்பதற்கு அவரே சான்று.

எனினும் ரோட் ஐலண்ட் திட்டம் மொழியைச் சுருக்கவில்லை. முழுப் பட்டப் படிப்பாகவே வைத்துக்கொண்டது. அதற்கு ஈடாக மாணவர் கூடுதலாக ஓராண்டு செலவிட நேர்ந்தது. அவ்வோராண்டைத் தவிர்த்து, சில வாரத் ‘தொழில் மொழி’ப் பாடத்தால் அதே பயனை எதிர்பார்ப்பது பொருந்துமா என்பதே மொழித்துறைகள் எண்ணிப் பார்க்க வேண்டிய வினாவாகும்.