காதலும் உடல்நலமும்: நம் பெண்களின் உரிமை



1958 ஜூலையில், அமெரிக்காவின் வர்ஜீனியாவில் நள்ளிரவில் ஒரு படுக்கையறைக்குள் காவலர்கள் நுழைந்தார்கள். கறுப்பினப் பெண் மில்ட்ரெட், வெள்ளையரான ரிச்சர்டு லவ்விங்கை மணந்திருந்தார், அதுவே குற்றம். 1967 ஜூன் 12 அன்றுதான் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அத்தகைய தடைகளை நீக்கியது.

இந்தியாவில் 1949ஆம் ஆண்டுச் சட்டமே இந்துக்களிடையே சாதி கடந்த மணம் செல்லும் என்றது. அமெரிக்காவை விட 18 ஆண்டுகள் முந்திவிட்டோம். ஆனால் இங்கே வீட்டுக்குள் நுழைவது காவலர் அல்ல, சொந்தமும் சாதிசனமும். 2003இல் விருத்தாசலம் அருகே முருகேசனும் கண்ணகியும், 2016இல் உடுமலையில் சங்கர், 2025 ஜூலையில் நெல்லையில் கவின் கொல்லப்பட்டார்கள்.

தலித் ஆண் காதலித்தால் அரிவாள். தலித் பெண்ணைக் காதலிக்கும் ஆதிக்கசாதி இளைஞனோ, தாலி என்றதும் சாதியை நினைவுகூர்ந்து விலகுகிறான். கருவும் பழியும் அவள் தலையில் விழுகின்றன. இந்தக் கைவிடுதல் கொலைக் கணக்கில் வராது. ஆதலால் நம் மேடைகளிலும் வருவதில்லை.

கருக்கலைப்புக்கு 18 வயது நிறைந்த பெண்ணின் சம்மதமே போதும். கணவன், பெற்றோர் கையெழுத்து தேவையில்லை. 1971ஆம் ஆண்டுச் சட்டம் சொல்வது இது. அச்சட்டத்தின் 24 வார வரம்பு மணமாகாத பெண்களுக்கும் பொருந்தும் என்று 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

புளியங்குடியில் எலுமிச்சை மண்டிக்கும் கல்லூரிக்கும் போகும் நம் பிள்ளைகளுக்கு இதை யார் சொன்னது? சாதி ஒழிப்பைப் பேசும் நாம், கருத்தடை, பால்வினை நோய், சம்மதம் ஆகியவற்றையும் நம் தெருக்களில் கூச்சமின்றிப் பேசியாக வேண்டும்.