டைக்ளோஃபெனாக்
டைக்ளோஃபெனாக் என்பது வலியையும் வீக்கத்தையும் தணிக்கும், ஸ்டீராய்டு வகை சாராத மருந்து. சுவிட்சர்லாந்தின் சீபா-கெய்கி நிறுவனம் உருவாக்கிய இது 1970களில் விற்பனைக்கு வந்தது. வோல்டாரன், வோவெரான் ஆகியவை இதன் அறியப்பட்ட வணிகப் பெயர்கள்.

செயல்பாடு: வலி, வீக்கம், காய்ச்சலைத் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின்கள் உருவாகத் தேவையான சைக்ளோஆக்சிஜனேஸ் நொதிகளை இது தடுக்கிறது.

பயன்பாடு: முடக்குவாதம், மூட்டுத் தேய்மானம், சுளுக்கு, மாதவிடாய் வலி ஆகியவற்றுக்கு மாத்திரை, ஊசி, களிம்பு வடிவங்களில் தரப்படுகிறது. நோயின் அறிகுறிகளைக் குறைக்குமே தவிர, மூட்டுச் சிதைவை நிறுத்தாது.

பக்க விளைவுகள்: இரைப்பைப் புண், குடல் இரத்தக்கசிவு, சிறுநீரகப் பாதிப்பு ஏற்படலாம், மாரடைப்பு, பக்கவாத அபாயமும் கூடும். இதய நோயாளிகளும் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் உள்ளவர்களும் தவிர்க்க வேண்டும்.

சூழல் பாதிப்பு: இம்மருந்து செலுத்தப்பட்ட கால்நடைகளின் சடலங்களை உண்ட பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தன. தெற்காசியாவில் மூன்று கழுகினங்கள் 90 விழுக்காட்டுக்கும் மேல் அழிந்தன. 2006இல் இந்தியா இதைக் கால்நடை மருத்துவத்தில் தடைசெய்தது. மெலாக்சிகாம் மாற்றாகப் பரிந்துரைக்கப்படுகிறது. மனிதர்களுக்கான ஊசி மருந்து கால்நடைகளுக்குத் திருப்பிவிடப்படுவதைத் தடுக்க, 2015இல் அதன் குப்பி அளவு 3 மி.லி.யாகக் கட்டுப்படுத்தப்பட்டது.