தில்லை வழக்கு கற்பிக்கும் பாடம்

அரசாங்கம் ஆலய விஷயங்களில் எவ்வளவு தலையிடலாம் என்னும் வினா நம் கடலூர்ச் சீமைக்குப் புதியதன்று. கும்பினியார் 1817-ஆம் வருஷத்து 7-வது ரெகுலேஷனால் கோயில், சத்திரங்களின் மானியங்களை ரெவினியூ போர்டாரின் மேற்பார்வையில் வைத்தனர். கடலூரிலிருந்த கலெக்டர் கச்சேரியே அதுகாலை தென்னார்க்காட்டு ஆலயங்களின் வரவு செலவையும் கவனித்து வந்தது. கிறிஸ்தவ துரைத்தனத்தார் பிற மத ஆலயங்களை நடத்துதல் தகாதென்று பாதிரிமார் கிளர்ச்சி செய்ய, 1863-ஆம் வருஷத்துச் சட்டத்தால் அப்பொறுப்பு முற்றிலும் கைவிடப்பட்டது. பின்னர்த் தர்ம சொத்துக்கள் பாழாகின்றன என்ற முறையீடு மிகவே, 1925-ல் அறநிலையப் போர்டு தோன்றிற்று.

இவ்வினா முற்றியது சிதம்பரத்திலேயாம். ஸ்ரீ நடராஜர் ஆலயத்துக்கு நிர்வாக அதிகாரியை நியமிக்க அரசாங்கத்தார் முற்பட, பொது தீக்ஷிதர்கள் சென்னை ஐகோர்ட்டை அடைந்தனர். அவர்கள் தனிச் சமயப் பிரிவினரே என்றும், அரசியல் சாஸனத்தின் 26-வது ஷரத்து அவர்களைக் காக்குமென்றும் 1951-ல் தீர்ப்பாயிற்று. 1987-ல் மறுபடியும் ஓர் அதிகாரி நியமிக்கப்பட்டார். 2009-ல் ஐகோர்ட்டார் அதனை ஏற்றனர். 2014 ஜனவரி 6-ல் சுப்ரீம் கோர்ட்டார் அதனைத் தள்ளினர்.

இதனைக் கேட்ட சிலர், இனி ஆலயங்களை எவரும் கேள்வி கேட்க இயலாதென்று மகிழ்ந்தனர். வேறு சிலர் வருந்தினர். இருசாராரும் தீர்ப்பைச் செவ்வையாய் நோக்கிலர் என்போம். சீர்கேடு உண்டாயின், அதனைத் திருத்துமளவும் அரசாங்கம் நிர்வாகத்தை ஏற்கலாம். திருத்தியபின் உரியாரிடம் ஒப்புவித்தல் வேண்டும் என்பதே அத்தீர்ப்பின் கருத்து. பூஜை முறை சமயத்தாருக்கே உரியது. சொத்தை நிர்வகிக்கும் உரிமையும் அவர்களதே; ஆயினும் அதனைச் சட்டத்திற்கிணங்கவே செலுத்துதல் வேண்டுமென்று அந்த 26-வது ஷரத்தே கூறுகின்றது.

நம்மவர் குடும்பங்கள் பலவும் மண்டகப்படி, அன்னதானம், சத்திரம் முதலியவற்றிற்குப் பொருள் ஈந்து வருகின்றன. அத்தருமங்களை நடத்துவோர் நம்மவரேயெனினும், அண்ணன் தம்பி முறை கருதி, கணக்குக் கேட்க நாணுகின்றோம். இந்நாணமே பிறர் தலையீட்டுக்கு வாசல் திறப்பது. ஆண்டுதோறும் மகாசபையில் தருமக் கணக்கை வாய்விட்டு வாசிக்கும் வழக்கத்தை நாம் மேற்கொள்வோமாக. உரிமையைக் கோர்ட்டார் ஒருமுறை காத்துத் தரலாம். நாடோறும் காப்பது ஒழுங்கான கணக்கேயாம்.