மெபேன் வீட்டில் வியாழன் இரவுகள்

2005 கோடையில் மூன்று கறுப்பின இளைஞர்கள் வியாழன்தோறும் இரவில் வட கரோலினாவின் மெபேன் என்ற சிற்றூருக்குப் போய்வந்தார்கள். ரியானன் கிடன்ஸ், டாம் ஃபிளெமன்ஸ், ஜஸ்டின் ராபின்சன். அங்கே ஜோ தாம்சன் இருந்தார். 86 வயது ஃபிடில் கலைஞர். அவருடைய அப்பாவும் ஃபிடில் வாசித்தவர்தான். பாடம், நோட்டு என்று எதுவும் கிடையாது. பெரியவர் வில்லை இழுப்பார். பிள்ளைகள் கூடவே வாசித்துப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

அந்த வீட்டில் அவர்கள் தேடிய தாளத்தின் கதை 1739 செப்டம்பருக்குப் போகிறது. தெற்கு கரோலினாவில் ஸ்டோனோ ஆற்றங்கரையில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். முரசு கொட்டியபடி நடந்தார்கள்; வழியில் ஆட்கள் சேர்ந்துகொண்டே இருந்தார்கள். கிளர்ச்சியை ரத்தத்தில் அடக்கிய ஆட்சியாளர்கள், மறு ஆண்டே சட்டம் போட்டு அடிமைகள் முரசும் கொம்பும் வைத்திருக்கத் தடை விதித்தார்கள். முரசு எவ்வளவு தூரம் பேசும் என்பது அவர்களுக்கு நன்றாகவே புரிந்திருந்தது.

ஆனால் உடம்பை என்ன செய்ய முடியும்? தொடையிலும் மார்பிலும் உள்ளங்கையால் அடித்துத் தாளம் போட்டார்கள். அதற்கு 'ஜூபா' என்று பெயர். பலகைத் தரையில் குதிகாலும் கால்நுனியும் மாறிமாறி விழுந்தன. ஐரிஷ், ஸ்காட்லாந்து குடியேறிகளின் காலாட்டமும் இதோடு கலந்தது. கரோலினா மலைநாட்டில் இன்று 'ஃபிளாட்ஃபுட்டிங்' என்கிறார்களே, அதில் பாதம் தரையைவிட்டு அதிகம் எழும்பாது. ஆடுபவரைப் பார்ப்பதைவிடக் கேட்க வேண்டும்.

பாஞ்சோ என்ற நரம்பு வாத்தியமும் அடிமைகள் வந்த வழியில் வந்ததுதான். மேற்கு ஆப்பிரிக்காவின் ஜோலா மக்களிடம் 'அகோண்டிங்' இருக்கிறது. சுரைக்குடுக்கை, அதன்மேல் ஆட்டுத்தோல், மூன்று நரம்பு. அதில் ஒன்று குட்டை. விரல் நகம் மேலிருந்து கீழே அடிக்கும். கட்டைவிரல் அந்தக் குட்டை நரம்பைச் சுண்டும். பழைய பாணி பாஞ்சோவை இன்றும் இப்படித்தான் வாசிக்கிறார்கள். அந்தச் சுண்டல்தான் ஆடும் காலைத் தூக்கிவிடுகிறது.

ஜோ இளைஞராக இருந்த காலத்தில், சோளம் உரித்து முடித்த இரவுகளில் வீட்டுச் சாமான்களை வெளியே எடுத்துப் போட்டு ஆடுவார்களாம். ஃபிடிலும் பாஞ்சோவும் இரண்டு அறைகளுக்கு நடுவே வாசற்படியில் உட்காரும். இரண்டு பக்கமும் கால்கள் அதிரும். ஜோவின் ஒன்றுவிட்ட சகோதரர் ஓடெல்தான் பாஞ்சோ.

1920-களில் இசைத்தட்டு கம்பெனிகள் வந்தன. கறுப்பர்களுக்கு ப்ளூஸ், வெள்ளையர்களுக்கு மலைநாட்டு ஃபிடில் என்று பட்டியலைப் பிரித்து விற்றார்கள். கறுப்பர்களின் நரம்பிசைக் குழுக்களில் இசைத்தட்டு ஏறியவை கொஞ்சம்தான். பாஞ்சோ வெள்ளையர்களின் வாத்தியம் என்று ஊரே நம்பியது. முரசைப் பிடுங்கிய சட்டத்தைவிட இந்தப் பட்டியல் செய்த கேடு பெரிது என்றே நினைக்கிறேன். சட்டத்தால் தாளத்தை அழிக்க முடியவில்லை; பட்டியலோ அந்தத் தாளம் யாருடையது என்பதையே மறக்க வைத்துவிட்டது.

2005 ஏப்ரலில் பூன் நகரில் நடந்த கறுப்பர் பாஞ்சோ கூடுகையில் ஒன்றுசேர்ந்தவர்கள்தான் அந்த மூவரும். கரோலினா சாக்லேட் டிராப்ஸ் என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள். 2010-ல் வெளிவந்த அவர்களது ஆல்பம் மறு ஆண்டு கிராமி வாங்கியது. மேடையில் ஃபிளெமன்ஸ் விரலிடுக்கில் எலும்புத் துண்டுகளைப் பிடித்துச் சடசடவென்று தட்ட, கிடன்ஸ் வெறுங்காலோடு இறங்கி ஆடுவார். அந்தக் குழு வளர்வதைப் பார்த்துவிட்டுத்தான் 2012-ல் ஜோ கண்மூடினார். அப்போது அவருக்கு வயது 93.