‘இ’ மறைந்த கதை



‘இல்லை’ என்று தட்டச்சு செய்து அனுப்பிய கடிதம், பெறுபவரின் கணினித் திரையில் ‘ல்லை’ என்று தோன்றிய காலம் ஒன்று உண்டு. ‘இலை’ என்பது ‘லை’ ஆயிற்று. ‘இன்று’ என்பது ‘ன்று’ ஆயிற்று. மற்ற எழுத்துகள் ஒழுங்காக நிற்க, ‘இ’ மட்டும் எங்கே போயிற்று? விடை தேடினால், தமிழ் கணினிக்குள் குடிபுகுந்த வரலாற்றின் முக்கியமான பகுதி ஒன்று தெரிய வரும்.

கணினி எழுத்துகளை எண்களாகவே சேமிக்கிறது. ஆங்கிலத்துக்கு ‘ஆஸ்கி’ என்னும் பொது எண்வரிசையை அமெரிக்கர்கள் 1963இல் வகுத்துவிட்டனர். அந்த வரிசையில் பெரிய ‘ஏ’ என்றால் 65தான். 1978 பிப்ரவரியில் சிகாகோ நகரில் வார்ட் கிறிஸ்டென்சன், ராண்டி சூஸ் என்ற இரு நண்பர்கள், தொலைபேசி வழியே கணினிகள் செய்தி விட்டுச் செல்லும் மின் அறிவிப்புப் பலகையைத் தொடங்கினர். 1984இல் டாம் ஜென்னிங்ஸ் இத்தகைய பலகைகளை இணைத்து ‘ஃபைடோநெட்’ வலையை உருவாக்கினார். அந்த ஆர்வலர்களிடையே பூசல்கள் பல. ஆனாலும் ‘ஏ’ எழுத்துக்கு என்ன எண் என்று அவர்கள் சண்டையிட நேரவில்லை.

நம்மவர்க்கு அந்த வசதி இல்லை. ஒரு பைட்டில் 256 இடங்கள். அவற்றுள் முதல் 128 ஆஸ்கிக்குப் போயின. எஞ்சிய 128இல் நம் 247 எழுத்துகளை எப்படி அடக்குவது? உயிர்மெய்யைத் துண்டுகளாக்க வேண்டும். கொம்பு, கால், விசிறி ஆகியவற்றைத் தனித்தனியே வைக்க வேண்டும். எதை உடைப்பது, எதை முழுதாக வைப்பது, எதற்கு எந்த எண் என்பதில் ஆளுக்கொரு கருத்து. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985இல் ‘முரசு’ மென்பொருளைத் தொடங்கினார். சிங்கப்பூரில் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி ‘கணியன்’ செய்தார். கனடாவிலிருந்து சீனிவாசனின் ‘ஆதமி’, சுவிட்சர்லாந்திலிருந்து கல்யாணசுந்தரத்தின் ‘மயிலை’ எழுத்துரு என்று வரிசை நீண்டது. பெரும்பாலும் சொந்த உழைப்பு, சொந்தக் காசு. ஆனால் ஒருவர் எழுதியதை மற்றவர் எழுத்துருவில் திறந்தால், திரை முழுவதும் பொருளற்ற குறிகள்.

1997 மே மாதம் சிங்கப்பூரில் தமிழ்நெட் மாநாடு நடந்தது. மாசாயிலிருந்து பார்த்தால் சிங்கப்பூர் நீரிணைக்கு அந்தப் பக்கம்தான். இத்தனை அருகில் இப்படி ஒரு கூட்டம் நடந்ததை நம் மாணவர்களுக்கு யாரும் சொல்வதில்லை! அதை ஒட்டி, பல நாடுகளில் இருந்த ஆர்வலர்கள் மின்னஞ்சல் வழியே மாதக்கணக்கில் வாதாடினர். அவ்வாதத்தில் பிறந்ததே ‘திஸ்கி’ என்னும் பொதுக் குறியீடு. ஆங்கிலமும் தமிழும் ஒரே எழுத்துருவில் அமைய வேண்டும் என்பது அதன் கொள்கை. இரு மொழியில் கடிதம் எழுதும் நமக்கு அது பொருத்தமானது.

திஸ்கியில் ‘அ’ 171, ‘ஆ’ 172, ‘இ’ 173, ‘ஈ’ 174. பார்வைக்கு அழகான வரிசை. ஆனால் மேலைநாட்டுக் குறியீட்டில் 173 என்பது மென்கோடு, அதாவது வரியின் கடைசியில் சொல் உடையும்போது மட்டும் தோன்றி, மற்ற நேரத்தில் மறைந்திருக்கும் இணைப்புக் கோடு. சில மென்பொருள்கள் ‘இ’யை அந்தக் கோடாகவே எண்ணி மறைத்துவிட்டன. எழுத்துருவைத் திருத்திப் பயன் இல்லை. குற்றம் இருந்த இடம் எண். பிறகு வந்த 1.7 பதிப்பில் ‘இ’க்கு 254ஆம் இடமும் தரப்பட்டது. அகரவரிசையின் அழகு குலைந்தது, ஆனால் எழுத்து கண்ணுக்குத் தெரிந்தது. இந்த விட்டுக்கொடுப்பைச் சிறியதாக நான் மதிக்கமாட்டேன்.

பூசல் அத்துடன் ஓயவில்லை. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய மாநாட்டுக்குப் பின், தமிழ்நாட்டு அரசு இருமொழிக்கு ‘டாப்’, தமிழுக்கு மட்டும் ‘டாம்’ என இரு குறியீடுகளை ஏற்றது. வெளிநாட்டு ஆர்வலர் பலர் திஸ்கியை விடவில்லை. பொதுவான ஒன்றைத் தேடிப் புறப்பட்டவர்கள் மூன்றில் வந்து நின்றனர். பிடிவாதமும் இருந்தது உண்மை. ஆயினும் புதிய எண்வரிசைக்கு மாறுவது என்றால், அதுவரை தட்டச்சு செய்த அனைத்தையும் மாற்ற வேண்டும். அந்தச் சுமையைத் தாங்கப் போகிறவர்கள் தயங்கியதில் வியப்பில்லை.

இதற்கிடையே உலகப் பொதுவான யூனிகோடு 1991 முதல் தமிழுக்கு 128 இடங்களை ஒதுக்கியிருந்தது. விண்டோஸ் 2000இல் ‘லதா’ எழுத்துருவுடன் அது வீடுகளுக்குள் வந்தபின், பழைய மூன்றும் மெல்ல ஒதுங்கின. ஆனால் யூனிகோடும் உயிர்மெய்யை உடைத்தே வைக்கிறது. என் வகுப்பில் ‘தம்பி’யில் எத்தனை எழுத்து என்று கேட்டால், முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் மூன்று என்பார்கள். யூனிகோட்டின் கணக்கு ஐந்து: ‘த’, ‘ம’, புள்ளி, ‘ப’, விசிறி. தமிழ் எழுத்து ஒவ்வொன்றுக்கும் தனி எண் வேண்டும் என்று வாதிட்டவர்களின் மனக்குறை இதுவே. தமிழ்நாட்டு அரசு 2010இல் யூனிகோட்டுடன் அத்தகைய ‘டேஸ்-16’ முறையையும் ஏற்றது. பிள்ளைகளின் பக்கமே நானும் சாய்கிறேன். ஆனால் உலகெங்கும் கைப்பேசிகளில் நிலைத்தது யூனிகோடுதான்.

பழைய இலக்கியங்களை மின்னேற்றி வந்த மதுரைத் திட்டம் மயிலையில் தொடங்கி, திஸ்கிக்கு மாறி, பின்னர் யூனிகோட்டுக்கு வந்தது. திஸ்கிக் கோப்புகளை யூனிகோட்டுக்கு மாற்றும் நிரல்கள் இன்றும் 173, 254 ஆகிய இரண்டு எண்களையும் ‘இ’ என்றே படிக்கின்றன.