சிவப்பாக ஒரு கனவு

முதலில் ஒரு மருத்துவமனை விஷயம் மாதிரி ஆரம்பிக்கிற விளம்பரம் ஒன்றைச் சொல்லவேண்டும். 'ஏழு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் பயன்படுத்தக் கூடாது. கண் பார்வை பாதிக்கப்படலாம்.' சத்தியமாக, இது ஒரு விளையாட்டுச் சாமானின் பெட்டியோடு வந்த எச்சரிக்கையின் சாரம். விற்றவர்கள் நிண்டெண்டோ. வருடம் 1995. சாமானின் பெயர் வர்ச்சுவல் பாய்.

கேம்பாய் தெரியும். அதென்ன வர்ச்சுவல் பாய் என்று கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். கடைக்கு வந்து ஒரு வருடம்கூடத் தாங்காத சரக்கு அது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அமெரிக்காவுக்கும் ஜப்பானுக்கும் ஒரே காய்ச்சல். மெய்நிகர் உலகம். தலையில் ஒரு கவசத்தை மாட்டிக்கொண்டால் போதும், டிராகன் வரும், விண்கலம் வரும், நீங்கள் திரும்புகிற பக்கமெல்லாம் வேறொரு உலகம் விரியும். வி.பி.எல். என்றொரு கம்பெனி அப்படியொரு கவசத்தை ஒன்பதாயிரம் டாலருக்குமேல் விலை வைத்து விற்றுக்கொண்டிருந்தது. ஆராய்ச்சிக்கூடங்கள் வாங்கும். வீட்டில் யார் வாங்குவது?

நாங்கள் இருநூறு டாலருக்குத் தருகிறோம் என்றது சேகா. சிகாகோவில் 1993 கோடையில் நடந்த நுகர்வோர் மின்னணுப் பொருட்காட்சியில் கொண்டுவந்து காட்டவும் செய்தார்கள். சி.இ.எஸ். என்று சுருக்கமாகச் சொல்வார்கள். வருஷா வருஷம் எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனிகள் அத்தனையும் கூடுகிற திருவிழா. வி.சி.ஆர்., சி.டி. பிளேயர் எல்லாம் அங்கே முகம் காட்டிவிட்டுத்தான் நம் வீட்டுக்கு வந்தன. சேகாவின் கவசம் மட்டும் வரவே இல்லை. பார்த்தவர்களுக்குத் தலை சுற்றியது, குமட்டியது என்பது பின்னால் வெளியான சங்கதி. கம்பெனி சொன்ன காரணம் என்ன தெரியுமா? 'அனுபவம் அளவுக்குமீறி நிஜமாக இருக்கிறது. ஆடுகிறவர் தன்னை மறந்து எங்காவது மோதிக்கொண்டால்?' தோல்விக்கு இதைவிட அழகாக ஒரு சப்பைக்கட்டு இன்றுவரை எவரும் கட்டியதில்லை.

சேகா விட்ட இடத்தைப் பிடிக்கக் களத்தில் நின்றவர் குன்பெய் யோகோய். இந்த மனிதரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும்.

யோகோய் கியோட்டோக்காரர். எலெக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு 1965-ல் நிண்டெண்டோவில் சேர்ந்தார். அன்றைக்கு நிண்டெண்டோ என்றால் சீட்டுக்கட்டு கம்பெனி. சீட்டு அச்சடிக்கிற இயந்திரங்களைப் பராமரிப்பது அவர் வேலை. இயந்திரம் ஒழுங்காக ஓடினால் இவருக்கு வேலை இல்லை. பொழுது போகாமல், நீட்டி மடக்கி எட்டாத சாமானைப் பிடிக்கிற கை ஒன்றைச் செய்து விளையாடிக்கொண்டிருந்தார். முதலாளி ஹிரோஷி யமாவுச்சி பார்த்துவிட்டார். சீட்டு கிழிந்தது என்றுதானே யார்க்கும் தோன்றும்? யமாவுச்சி சொன்னது வேறு. இதையே விற்கிற சரக்காக்கு. 1966-ல் 'அல்ட்ரா ஹேண்ட்' என்ற பெயரில் வந்த அந்தக் கை, பத்து லட்சத்துக்குமேல் விற்றது.

அதற்குப்பின் யோகோய் தொட்டதெல்லாம் துலங்கியது. புல்லட் ரயிலில் ஒருவர் பொழுதுபோகாமல் கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து, 1980-ல் கேம் அண்ட் வாட்ச் செய்தார். இன்றைக்கும் வீடியோகேம் கையில் எடுத்தால் இடது கட்டைவிரலுக்குக் கீழே கூட்டல்குறி மாதிரி ஒரு பட்டன் இருக்கிறதல்லவா? அவர் குழு செய்ததுதான். 1989-ல் கேம்பாய்.

அவரிடம் ஒரு சித்தாந்தம் இருந்தது. புதுத் தொழில்நுட்பத்தின் பின்னால் ஓடாதே. நன்றாகப் பழகி, விலை இறங்கி, எல்லோருக்கும் அத்துப்படியான பழைய சரக்கை எடு. அதை யாரும் யோசிக்காத இடத்தில் பயன்படுத்து. கேம்பாய்க்கு வண்ணத்திரை கிடையாது. பச்சையாக மங்கலாக ஒரு திரை. போட்டிக்கு வந்த சேகாவின் கேம்கியரில் வண்ணம் ஜொலிக்கும், ஆறு பேட்டரியை நாலைந்து மணி நேரத்தில் குடித்துத் தீர்க்கும். கேம்பாய் நாலே பேட்டரியில் பத்து மணி நேரத்துக்குமேல் ஓடும். யார் ஜெயித்தார்கள் என்று சொல்லவேண்டுமா? கேம்பாயும் அதன் தம்பி கேம்பாய் கலரும் சேர்ந்து கிட்டத்தட்ட 12 கோடி விற்றன.

இப்பேர்ப்பட்ட மனிதரிடம்தான் அமெரிக்காவிலிருந்து ரிஃப்ளெக்‌ஷன் டெக்னாலஜி என்ற சிறு கம்பெனி ஒரு புதுத்திரையோடு வந்தது. திரை என்றுகூடச் சொல்லமுடியாது. இருட்டில் கம்பி மத்தாப்பைச் சுற்றியிருக்கிறீர்களா? புள்ளி ஒன்றுதான், கண்ணுக்குத் தெரிவது முழு வட்டம். அதே வித்தை. செங்குத்தாக ஒரு வரிசையில் 224 சிவப்பு விளக்குப் பொட்டுகள். எதிரே ஒரு கண்ணாடி, நொடிக்கு ஐம்பது தரம் அதிரும். ஒரு கோடு முழுப்படமாக விரிந்துவிடும். கண்ணுக்கு ஒன்றாக இரண்டு வைத்தால் ஆழம் தெரியும். இதே சரக்கைச் சேகாவுக்கும் காட்டினார்கள், அவர்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள். யோகோய் மயங்கினார்.

ஏன் சிவப்பு? சிவப்பு எல்.ஈ.டி. மலிவு, மின்சாரமும் அதிகம் இழுக்காது. பிரகாசமான நீல விளக்கு ஜப்பானின் நிச்சியா கம்பெனியிலிருந்து வெளிவந்ததே 1993-ல்தான். விலை கட்டுபடியாகாது. வண்ணத் திரவப்படிகத் திரையும் வைத்துப் பார்த்தார்கள். ஆழம் தெரியவில்லை, உருவம்தான் இரண்டிரண்டாகத் தெரிந்தது. ஆகவே, பழகிய சிவப்பு. ஆச்சா?

பிறகு ஆரம்பித்தது கழற்றும் படலம். தலையில் மாட்டுகிற கண்ணாடியாக இருக்கவேண்டும் என்பதுதான் திட்டம். மண்டைக்குப் பக்கத்தில் மின்காந்த அலை ஏதாவது ஆபத்து செய்தால்? உலோகத் தகடு வைத்து மறை. மறைத்தால் கனம். கனத்தால் தலையில் நிற்காது. அந்த நேரம் பார்த்து ஜப்பானில் பொருள் உற்பத்தியாளர் பொறுப்புச் சட்டம் வேறு வந்தது, 1995 ஜூலையில் அமல். வம்பே வேண்டாம், மேஜைமேல் ஒரு தாங்கி போட்டு நிறுத்து என்று முடிவானது. தலையைத் திருப்பினால் காட்சி திரும்பவேண்டும் என்பதுதான் மெய்நிகரின் உயிர். குமட்டலுக்குப் பயந்து அதையும் எடுத்தார்கள். என்ன மிச்சம்? பெயர் மட்டும்.

1994 நவம்பரில் நிண்டெண்டோவின் மொத்த வியாபாரிகள் கூடும் ஷோஷின்காய் கண்காட்சியில் முதல் தரிசனம். வந்திருந்தவர்கள் எதிர்பார்த்தது அடுத்த பெரிய கேம் இயந்திரத்தை. பிற்பாடு நிண்டெண்டோ 64 என்று பெயர் பெற்றதே, அதை. அது தள்ளிக்கொண்டே போனது. இடைவெளியை அடைக்க இந்தச் சிவப்புக் கண்ணாடி. முகங்கள் மலரவில்லை. 1995 ஜனவரியில் லாஸ் வேகாஸ் சி.இ.எஸ்.ஸுக்கும் போனது. அங்கேயும் அப்படித்தான். ஆனாலும் நிண்டெண்டோ அசரவில்லை. 1996 மார்ச்சுக்குள் ஜப்பானில் மட்டும் 30 லட்சம் விற்கும் என்று கணக்குப் போட்டிருந்தது.

ஜப்பானில் ஜூலையில் 15,000 யென். அமெரிக்காவில் ஆகஸ்டில் 180 டாலர்.

இங்கேதான் பி.காம். படித்தவனுக்குச் சுவாரசியம். ஒரு சரக்கை விற்க முதலில் அதைக் காட்டவேண்டும். இதை எப்படிக் காட்டுவீர்கள்? டி.வி. விளம்பரத்தில் ஆழம் தெரியாது. பத்திரிகையில் போட்டோ போட்டால் கறுப்பில் சிவப்புக் கோடுகள், நெகடிவ் பிலிம் மாதிரி. முகத்தைப் பதித்துப் பார்த்தால்தான் உண்டு. கண்காட்சியில் இரண்டு நிமிஷம் பார்க்க வைக்கலாம், ஊர் முழுக்க? யோசித்து, பிளாக்பஸ்டர் வீடியோ கடைகளில் வாடகைக்கு விட்டார்கள். சுமார் பத்து டாலர் கட்டினால் வீட்டுக்கு எடுத்துப்போய் ஆடலாம். அருமையான யோசனை என்றுதான் தோன்றும். ஆனால் வாடகைக்கு எடுத்துப்போனவர் கழுத்தைக் குனிந்து அரை மணி ஆடுவார், கண் வலிக்கும், ஆசை தீரும், திருப்பிக் கொடுத்துவிடுவார். 180 டாலர் வரவேண்டிய இடத்தில் பத்தோடு கதை முடியும். நல்ல சரக்குக்கு வாடகை விளம்பரம். சுமாரான சரக்குக்கு அதுவே எமன்.

போதாக்குறைக்கு, கொஞ்ச நேரம் ஆடினால் நிறுத்தி ஓய்வெடுக்கச் சொல்லும் வசதி. கூடவே அந்த ஏழு வயது எச்சரிக்கை. எந்த அம்மா வாங்கித் தருவாள்?

1995 டிசம்பரிலேயே ஜப்பானில் மூடுவிழா. அடுத்த சில மாதங்களில் அமெரிக்காவிலும். உலகம் முழுக்க விற்றது சுமார் 7 லட்சத்து 70 ஆயிரம். வந்த விளையாட்டுகள் மொத்தமே 22.

இதற்குத் தண்டனையாக யோகோயைத் துரத்தினார்கள் என்று ஒரு கதை உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. தோல்விக்குப் பிறகும் உட்கார்ந்து கேம்பாய் பாக்கெட் என்ற மெலிந்த கேம்பாயைச் செய்து கொடுத்துவிட்டு, அது நன்றாக விற்க ஆரம்பித்த பிறகே 1996 ஆகஸ்டில் விலகினார். துரத்தப்பட்டவர் அப்படிச் செய்வாரா, யோசியுங்கள். கோட்டோ என்று சொந்தமாக ஒரு கூடம் ஆரம்பித்தார். பந்தாய் கம்பெனிக்காக வொண்டர்ஸ்வான் என்ற கையடக்க இயந்திரத்தில் இறங்கினார். கறுப்பு வெள்ளைத் திரை. ஒரே ஒரு பேட்டரி. பழைய யோகோய் திரும்பிவிட்டார்.

1997 அக்டோபர் 4. ஹொக்குரிக்கு நெடுஞ்சாலையில் அவர் போன கார் முன்னால் போன வண்டியில் மோதியது. பெரிய அடி இல்லை. சேதம் பார்க்க இறங்கினார். பின்னால் வந்த வேறொரு கார் இடித்துவிட்டது. வயது 56. வொண்டர்ஸ்வான் 1999 மார்ச்சில்தான் கடைக்கு வந்தது.

கவசம் மறுபடி பிழைத்தது 2012-ல். பால்மர் லக்கி என்ற பத்தொன்பது வயது அமெரிக்கப் பையன் செய்த மாதிரியை, டூம் விளையாட்டை எழுதிய ஜான் கார்மாக் லாஸ் ஏஞ்சலீஸ் ஈ-3 கண்காட்சியில் காட்டினார். ஓகுலஸ். இரண்டே வருடத்தில் ஃபேஸ்புக் இருநூறு கோடி டாலர் என்று விலை பேசியது. உள்ளே என்ன பெரிய அதிசயம் என்று பார்த்தால், செல்போன் வியாபாரத்தால் விலை சரிந்துபோன சின்னத்திரைகளும் உணர்விகளும்தான். பழகிய, மலிந்த, அத்துப்படியான சரக்கு. யோகோய்க்குத் தேவைப்பட்டதெல்லாம் ஒரு பதினேழு வருடப் பொறுமை. 1995-ல் அது எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை.

2025 செப்டம்பரில் நிண்டெண்டோ ஓர் அறிவிப்பு வெளியிட்டது. வர்ச்சுவல் பாய் விளையாட்டுகள் ஸ்விட்ச் இயந்திரத்துக்கு வருகின்றன. பார்ப்பதற்கு அதே சிவப்புக் கூடு, நூறு டாலர். பணம் இல்லாதவர்களுக்கு அட்டையில் செய்தது ஒன்று, கால்வாசி விலையில். நூறு டாலர் கூட்டுக்கு மேஜைமேல் நிற்கிற அந்தத் தாங்கியும் உண்டு.