உறவோ அயலோ? சிங்கள மொழியின் குடும்பம் பற்றிய ஆய்வு

கண்டியிலிருந்து மாத்தளை செல்லும் வீதியில் அமைந்துள்ள அக்குறணை, மொழியுறவு பற்றிச் சிந்திப்போர்க்கு நல்லதொரு களமாகும். முஸ்லிம்கள் பெரும்பான்மையினராக வாழும் இவ்வூரின் இல்ல மொழி தமிழ். சூழவுள்ள கிராமங்களில் வழங்குவது சிங்களம். கடைவீதியில் இரண்டும் மாறி மாறி ஒலிக்கும்போது, சொற்கள் வேறுபடினும் தொடரமைப்பு பெரிதும் மாறாதிருத்தலைக் காணலாம். ‘வருகிறேன் என்று சொன்னான்’ என்பதைச் சிங்களத்தில் ‘எனவா கியலா கிவ்வா’ என்பர். ‘என்று’ என்பது ‘என்’ என்னும் வினையடியாகப் பிறந்த எச்சம். ‘கியலா’ என்பதும் சொல்லுதலைக் குறிக்கும் ‘கியனவா’ என்னும் வினையின் எச்சமே. ‘நான் வாசித்த புத்தகம்’ என்பது ‘மம கியவபு பொத’ ஆகின்றது. பெயரெச்சம் பெயருக்கு முன் நிற்கும் முறையும் ஒன்றே.

இங்ஙனம் ஒத்துச் செல்லும் மொழிகளை ஓரினமெனக் கொள்ளலாமோ என்னும் வினா நூறாண்டுகளுக்கு மேலாக விவாதிக்கப்பட்டது. 1852இல் சிதத் சங்கராவ என்னும் சிங்கள இலக்கண நூலை ஆங்கிலத்தில் வெளியிட்ட ஜேம்ஸ் த அல்விஸ், சிங்களம் ஆரிய மொழியே என வாதிட்டார். சில்டர்ஸ், வில்ஹெல்ம் கைகர் ஆகியோர் அதனை ஒலியியல் வழியில் நிறுவினர். இதற்கு மாறாக முதலியார் டபிள்யூ. எவ். குணவர்தன, சொற்றொகுதி ஆரியமாயினும் இலக்கண அமைப்புத் திராவிடமே என்றார். அவர் கண்ட ஒப்புமைகள் பொய்யல்ல. அவற்றிலிருந்து அவர் கொண்ட முடிபே பொருந்தாதது என்பது எமது கருத்து.

ஏனெனில் மொழியினத்தைத் துணிவதற்கு ஒப்புமை மட்டும் போதாது. ஒழுங்கான ஒலிமாற்றம் வேண்டும். வடமொழியின் ‘சப்த’ சிங்களத்தில் ‘ஹத’ ஆயிற்று. ‘பஞ்ச’ என்பது ‘பஹ’ ஆயிற்று. பழைய ஹகரம் கெட்டு ‘ஹஸ்த’ என்பது ‘அத’ என நின்றது. எண்ணுப்பெயர், உடலுறுப்புப் பெயர் எனச் சொற்றொகுதியின் அடித்தளம் முழுவதிலும் இத்தகைய மாற்றங்கள் நெறிப்பட அமைந்துள்ளன. தமிழுடன் அத்தகைய தொடர்பு இல்லை. ‘அக்கா’, ‘நங்கி’, ‘மஸ்ஸினா’ முதலிய உறவுப்பெயர்கள் தமிழோடு ஒத்திருப்பது உண்மையே. மணவுறவு வரை சென்ற நெருக்கத்தை அவை உணர்த்துகின்றன, மொழிப்பிறப்பை அல்ல.

இவ்விடத்து வட ஐரோப்பாவின் வழக்கொன்றை நோக்குதல் பயன் தரும். லித்துவேனியம், லத்வியம் ஆகிய போல்திக் மொழிகளும், ருசியம், போலிஷ் முதலிய ஸ்லாவிய மொழிகளும் இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தன என்பதில் ஐயமில்லை. அவை இரண்டும் ஒரு பொதுத்தாய் வழியே பிரிந்தனவோ, அன்றி அயலிருப்பால் ஒத்தனவோ என்பதே வழக்கு. ஷ்லைகர் 19ஆம் நூற்றாண்டில் அவற்றை ஒரே கிளையில் வைத்தார். 1872இல் யொகான்னஸ் ஷ்மிட், மாற்றங்கள் நீரலைபோல் அயல்மொழிகளுக்குப் பரவும் என்றார். 1908இல் மெய்யே, அவ்விரண்டும் தனித்தனியே ஒத்த வழியிற் சென்றன என மறுத்தார். இன்று பெரும்பாலோர் ஷ்லைகரின் பக்கமே நிற்கின்றனர். பழமையைப் பேணியதால் வரும் ஒற்றுமையன்று, புதுமையைச் சேர்ந்து கண்டதால் வரும் ஒற்றுமையே அவர்க்குச் சான்று. கையைக் குறிக்கும் லித்துவேனிய ‘ரங்கா’, ருசிய ‘ருக்கா’ என்பவற்றை இதற்குக் காட்டுவர். பிற இந்தோ-ஐரோப்பிய மொழிகளில் கைக்கு இச்சொல் இல்லை.

இவ்வளவுகோலின்படி சிங்களத்தின் உடன்பிறப்பு மாலைதீவின் திவேகி மொழியாகும். தமிழ் அதன் நெடுங்கால அயல்மொழி. ஜேம்ஸ் கெயார் 1982இல் சிங்களத்தை ‘தனித்து நின்ற இந்தோ-ஆரிய மொழி’ என வருணித்தது இந்நிலை நோக்கியேயாகும். அயலாயினும் எல்லாவற்றையும் அது தமிழிலிருந்து கொள்ளவில்லை. ‘மம யனவா’, ‘எயா யனவா’ எனப் பேச்சுச் சிங்களத்தில் வினை திரியாது நிற்கும். ‘போகிறேன்’, ‘போகிறான்’ என்னும் இடவிகுதிகள் அங்கில்லை.

இவ்வாராய்ச்சி ஏட்டளவில் நின்றிருப்பின் தீங்கில்லை. ‘ஆரியம்’, ‘திராவிடம்’ என்னும் மொழிப்பெயர்கள் இனப்பெயர்களாக்கப்பட்டமையே கேடாயிற்று. மொழிக்குடும்பத்தின் பெயரால் குருதியைப் பிரித்தல் தகாதென மாக்ஸ் முல்லர் 1888இலேயே எச்சரித்திருந்தார். எனினும் 1956இல் சிங்களம் மட்டும் அரசகரும மொழியாக்கப்பட்ட காலத்து மேடைகளில் அவ்வெச்சரிக்கை செவியேறவில்லை. தமிழும் ஆட்சிமொழியென அரசியலமைப்பில் இடம்பெற 1987 வரை காத்திருக்க நேர்ந்தது. அராபிய வணிகரோடு தம் மரபை இணைத்துப் பேசும் இலங்கை முஸ்லிம்களின் தாய்மொழி பெரும்பாலும் தமிழாயிருப்பது, குருதியும் மொழியும் வெவ்வேறு வழியில் வருவன என்பதற்குக் கண்முன் உள்ள சான்றாகும்.

கண்டிப் பகுதியில் வாழும் மலாயரின் மொழி இன்னும் வியப்பானது. ஒல்லாந்தர் காலத்தில் தீவுக்கு வந்த அம்மொழி, சொல்லளவில் மலாயாகவே உள்ளது. ஆயின் வினை தொடரின் இறுதிக்குச் சென்றுவிட்டது. பெயருக்குப் பின் ‘நங்’ என்னும் உருபு, தமிழின் ‘கு’ உருபு போல, நான்காம் வேற்றுமையைக் காட்டுகின்றது. தமிழ், சிங்களம் ஆகியவற்றுள் எது இம்மாற்றத்திற் பெரும்பங்கு கொண்டது என்பதில் அறிஞர் இன்னும் உடன்படவில்லை. இரண்டுமே ஓரமைப்பின ஆதலின், அதனைப் பிரித்தறிதல் எளிதன்று.